வெறும் தண்ணீரில் பருத்தி மருந்து

ஒரே ஒரு நாள் நான் நீதிபதியாக இருந்திருக்கிறேன். அந்த ஒரு நாளில் ஒரு தோட்டத்துத் தேயிலையையும், கடைசியில் வெறும் தண்ணீரையும் குற்றவாளியாக்கினேன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் இருபது பேர் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பட்டம் வாங்கிய கையோடு இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. கப்பலேறும் தேயிலையில் பூச்சிமருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிற இடம். அங்கிருந்த பெரிய மெஷின், தேயிலைச் சாற்றில் உள்ளதையெல்லாம் எடைவாரியாகப் பிரித்து, கணினித் திரையில் மலை மலையாக வரைந்து காட்டும். எந்த மலை எந்த மருந்து என்று மென்பொருள் பெயர் சொல்லும். (கொட்டகலைப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த அம்மா, "எம்மக மெசின் ஓட்டுது" என்று சொல்லிச் சொல்லி, பாதி லயம் நான் பஸ் ஓட்டுவதாக நம்பியது.)

ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் ஃபஹீம் சேர். தங்கை கலியாணத்துக்காகக் கண்டிக்குக் கிளம்பியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சுகந்தி, மெசின ஓட்டுங்க. செட்டிங்ஸ்ல மட்டும் கை வைக்காதீங்க."

அவர் கார் வளைவில் திரும்பியதும் செட்டிங்ஸைத் திறந்தேன்.

அதில் ஒரு கட்டம். இந்த அளவுக்குக் கீழே உள்ள சின்ன மலைகளைக் கழித்துவிடு என்று மென்பொருளுக்குச் சொல்கிற கட்டம். அதில் ஆயிரம் என்று இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அம்மா கொழுந்து பறிப்பவர். இலையில் ஒட்டிய தண்ணீருக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை தராசடியில் தினமும் கழிப்பார். அம்மா வீட்டுக்கு வந்து சட்டி பானையிடம் கத்துவார். கழிப்பது என்ற வார்த்தையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். இப்போது மெஷினுக்குள்ளும் ஒரு கணக்கப்பிள்ளையா? ஆயிரத்தை அழித்துச் சைபர் போட்டேன். இனி யாருடையதையும் யாரும் கழிக்க முடியாது!

அன்றைக்கு வந்திருந்த தேயிலை, சொல்லி வைத்தாற்போல், எங்கள் தோட்டத் தொழிற்சாலையுடையது. ஓட்டினேன். பட்டியல் வந்தது, வந்துகொண்டே இருந்தது. பிரிண்டரில் தாள் தீர்ந்தது. நெல்லுக்கு அடிக்கிற மருந்து, மிளகாய்க்கு அடிக்கிற மருந்து, பருத்திக்கு அடிக்கிற மருந்து எல்லாம் எங்கள் தேயிலையில். சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். (படித்த திமிர் அப்படித்தான் வேலை செய்யும்.) சேரின் கையெழுத்துக்குக் காத்திராமல் அறிக்கையைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, அம்மாவுக்கும் போன் போட்டேன்.

"அம்மா, நம்ம தேயிலைய யாரும் குடிக்காதீங்க. அத்தனையும் மருந்து."

"என்னா புள்ள சொல்ற? இப்பதான் ரெண்டு கோப்ப குடிச்சேன்."

அம்மாவிடம் சொன்னால் லயத்துக்கே சொன்ன மாதிரி. அரை மணியில் பத்து வீட்டுத் தேயிலை சாக்கடைக் கானுக்குள் போனது. மறுநாள் காலை தேநீர் இல்லாமல், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்குப் போன சனம் ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தது. அங்கே தோட்டத்தை நடத்துகிற துரை சொன்னதுதான் இடி. தொழிற்சாலையை நிறுத்தியாயிற்று, கொழுந்து எடுக்க மாட்டார்கள், இன்றைக்கு யாருக்கும் பேர் கிடையாது. பேர் விழாவிட்டால் அன்றைய கூலி இல்லை.

அம்மா போனில் கத்தவில்லை. "நீ சரியாத்தானே பாத்த?" என்று மட்டும் கேட்டார். 

அன்று காலையே கண்டியிலிருந்து வந்துவிட்ட ஃபஹீம் சேர் அறிக்கையைப் புரட்டினார். நடுவில் நிறுத்தினார்.

"பருத்தி மருந்தா? இந்த மலையில எங்க பருத்தி வெளையுது?"

"காத்துல வந்திருக்கலாம் சேர்."

"எங்கேருந்து, இந்தியாவுலேருந்தா?"

நான் தலையாட்டினேன். (ஆமாம், ஆட்டினேன்.)

"வெறும் தண்ணிய ஓட்டிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் முன்னால் ஓட்டினேன். தேயிலையே படாத சுத்தமான தண்ணீரிலும் அதே பட்டியல். இரண்டு மருந்து கூடுதல்.

"ஒண்ணுமே இல்லாட்டியும் மெசின்ல கோடு சும்மா ஆடும், சுகந்தி. வெறும் தண்ணியில அது எவ்வளவு ஆடுதுன்னு மொதல்ல பாக்கணும். அந்த அளவத்தான் கழிக்கணும். அதுக்கு மேல ஒரு துளியும் கழிக்கப்படாது."

கட்டத்தில் பழைய ஆயிரத்தைப் போட்டார். தேயிலை சுத்தம். மன்னிப்புக் கடிதம் என் கையாலேயே எழுதப்பட்டது. மத்தியானம் தொழிற்சாலை திறந்தது, எல்லோருக்கும் அரைப் பேர் விழுந்தது. போன மற்ற அரைப் பேர் என்னால் போனது. அதைச் சிரித்து மழுப்ப எனக்கு உரிமையில்லை.

அந்த ஞாயிறு வீட்டுக்குப் போய், நடந்ததை அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "வெறும் தண்ணிய மொதல்ல பாக்கணுமா?" என்று மூன்று முறை கேட்டார்.

திங்கட்கிழமை தராசடியில் அம்மா கொழுந்தைக் கீழே வைத்துவிட்டு, காலிச் சாக்கு ஒன்றை நீட்டினாராம்.

"எம்மக வெறும் தண்ணிய பாக்காம மானங்கெட்டு நிக்கிது. நீங்களும் அப்படி நிக்காதீங்க ஐயா. மொதல்ல வெறும் சாக்க நிறுங்க."

பெண்கள் எல்லோரும் சிரிக்க, கணக்கப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே சாக்கைத் தராசில் மாட்டினார். முந்நூறு கிராம். அதற்குப் பிறகு அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து சாக்குக்கு முந்நூறு கிராம்தான். தண்ணீருக்கான ரெண்டு கிலோ இன்னும் போகிறது. அதற்கும் வழி கண்டுபிடிக்கச் சொல்லி அம்மா என்னை நச்சரிக்கிறார். கண்டுபிடிக்கும்வரை நான் லயத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் கோப்பையோடு ஒரு கேள்வியும் வரும்:

"சீனி போதுமா புள்ள, பருத்தி மருந்தும் கொஞ்சம் போடவா?"