ஆறு நாற்காலி போட்ட கதை

ஒருத்தரையும் ஒரு வார்த்தை கேட்காமல் "இனிமேல் எல்லாம் இப்படித்தான்" என்று மாற்றி வைக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பஸ் நிற்கும் இடத்தை மாற்றுவான், கேட்டால், "சுவரில் ஒட்டியிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பான். நாலு சாத்து சாத்தலாமா என்று கை பரபரக்கும். சாத்துவதில்லை. அப்படி உதைபட வேண்டியவர்களில் முதல் ஆள் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் பி.காம். முடித்துவிட்டு (மூன்றாம் வகுப்பு, யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை) காஞ்சிபுரத்தில் என் மாமாவின் பட்டுக்கடையில் சேர்ந்திருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் சுவருக்குச் சுவர் மெத்தை, மேலே வெள்ளை விரிப்பு. நடுவில் ரஹீம் பாய் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவைகளை உதறி விரிப்பார். சுற்றி உட்கார்ந்திருக்கிற கல்யாணக் கோஷ்டி ஆளுக்கொரு பக்கம் இழுத்து, ஜரிகையைத் தடவி, விலையைக் கேட்டு "ஐயோ" என்று அலறி, கடைசியில் வாங்கிக்கொண்டு போகும்.

எனக்கு இது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. சென்னையில் ஒரு கடையில் கண்ணாடி மேஜையும் நாற்காலியும் பார்த்திருந்தேன், அது போதாதா? மாமாவிடம் விளக்கினேன். வாய் நிறைய வெற்றிலை, அதனால் "ம்ம்... ம்ம்" என்றார். (சவரம் செய்கிறவர் மீசையை எடுக்கட்டுமா என்று கேட்டாலும் அதே "ம்ம்"தான். அது எனக்கு உறைக்கவில்லை.) அமாவாசைக்குக் கடை விடுமுறை. அன்றைக்கே தச்சரைக் கூப்பிட்டு, மெத்தையைச் சுருட்டிப் பரணில் ஏற்றி, கண்ணாடி மேஜையைப் போட்டு, எதிரே ஆறு நாற்காலியை வரிசையாக வைத்தேன். வாசலில் "நவீன முறையில் விற்பனை" என்று பலகை மாட்டினேன். எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது என்று நினைப்பு!

மறுநாள் காலையில் வந்த ரஹீம் பாய் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, மெத்த எங்க?"

"பரண்ல இருக்குது பாய்."

"நான் எங்க உக்கார்றது?"

"நீங்க உக்காரக் கூடாது பாய். நின்னுக்கினே காட்டணும். அதான் மாடர்ன்."

"பொழுதன்னிக்குமா? என் முட்டிய ஒரு வார்த்த கேட்டியாப்பா?"

"முன்னேற்றத்துக்கு யாரக் கேக்கணும் பாய்?" என்றேன். (இந்த வாக்கியத்தை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.)

"சரி, முன்னேறு" என்றார் பாய். மாமா வந்தார், பார்த்தார், "ம்ம்" என்றார்.

பதினோரு மணிக்கு வந்து இறங்கியது ஒரு கல்யாணக் கோஷ்டி. பெண் வீடு வாலாஜாபாத், மாப்பிள்ளை வீடு கூரம். முகூர்த்தப் புடவை எடுக்க இரண்டு பக்கமும் சேர்ந்து முப்பது பேருக்குக் குறையாது. முதலில் நுழைந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஆறு நாற்காலியிலும் உட்கார்ந்துவிட்டார்கள். பின்னால் வந்த பெண்ணின் அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். நின்றாள். அவள் முகம் போன போக்கு எனக்குப் புரியவேயில்லை. ஜம்பமாக மேஜைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "என்ன கலர் பாக்கறீங்க?" என்றேன்.

"கலரு இருக்கட்டும்பா. பொண்ணு வூடுன்னா நிக்கணுமா?"

"யாரும்மா நிக்கச் சொன்னது? உக்காருங்களேன்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா, நாற்காலியை விட்டு இம்மியும் நகராமல்.

"எங்க உக்கார்றது? உன் மடியிலயா?"

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. "கடையிலயே எங்கள நிக்க வெக்கிறீங்க, நாளைக்கி என் பொண்ண எங்க நிக்க வெப்பீங்க?" என்று இவள் கத்த, "வாய்க்கு வாய் பேசற சம்பந்தமே எங்களுக்கு வாணாம், மாத்துன தட்டத் திருப்பிக்குங்க" என்று அவள் எழுந்தாள். கல்யாணப் பெண் சரோஜா கண்ணில் நீர் முட்ட நடுவில் நின்றது. மெத்தையில் உட்கார்ந்திருந்தால் யார் மேலே, யார் கீழே என்ற பேச்சே வந்திருக்காது. நான் ஆறு நாற்காலியைப் போட்டு ஒரு கல்யாணத்தை உடைத்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இருந்தேனா? "பத்து பத்து நிமிஷம் மாத்தி மாத்தி உக்காரலாமே" என்று யோசனை சொன்னேன். இரண்டு வீட்டாரும் ஒரே குரலில், "நீ வாய மூடுடா!" என்றார்கள். பக்கத்து டீக்கடைக்கு ஓடி ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து பெண்ணின் அம்மா முன்னால் போட்டேன். அதில் எவனோ கடித்துப் போட்ட வடை ஒட்டிக்கொண்டிருந்தது.

கல்லாவில் இருந்த மாமா அப்போதுதான் முதல் முறையாக முழு வாக்கியம் பேசினார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் இந்தப் பையன் பண்ணது." அட மகராசா! வெற்றிலையை எப்போது துப்பினாரோ!

அந்தக் கூச்சலுக்கு நடுவே சரோஜா வெறும் தரையில் பொத்தென்று உட்கார்ந்தது. "எனக்குப் பொடவதான் வோணும், நாற்காலி வாணாம். பாய், நீங்களும் வந்து குந்துங்க." கல்யாணப் பெண் தரையில் இருக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வார்கள்? முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கினார்கள். ரஹீம் பாய் "யா அல்லா" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆனால் முகூர்த்தப் புடவையை வெறுந்தரையில் விரிப்பதா? "மெத்தய எறக்குடா!" என்று மாமா கத்தினார்.

ஏணியில் ஏறிய நான் (உதவிக்கு ஒருத்தரும் வரவில்லை, எப்படி வருவார்கள்?) மெத்தையை இழுத்தேன். அது ஒரேயடியாக உருண்டு நேராகக் கண்ணாடி மேஜைமேல் விழுந்தது. மேஜை சுக்குநூறு. முகூர்த்தப் புடவை எடுக்கும் நேரத்தில் கண்ணாடி உடைந்தால்? எல்லாரும் ஏணியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மாதான் மெல்ல, "நல்லதுதான். திருஷ்டி கழிஞ்சிது" என்றாள்.

"ஆமாங்க சம்பந்தி" என்றாள் பெண்ணின் அம்மா. "அந்தத் திருஷ்டி, தோ ஏணியில நிக்குது பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கண்ணாடியைக் கூட்டித் தள்ளிவிட்டு மெத்தையை விரித்தோம். அரக்கில் மாம்பழ பார்டர் எடுத்தார்கள். கல்யாணம் நடந்தது. நாற்காலிகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. இன்றைக்கும் நான் எதையாவது யோசித்துச் சொன்னால் என் மனைவி கேட்பாள்: "நாற்காலி போட்டுட்டுக் கேக்கறீங்களா, கேட்டுட்டுப் போடப்போறீங்களா?" பேரன்வரைக்கும் இதைக் கற்றுக்கொடுத்து வைத்திருக்கிறாள்.

பிற்பாடு சரோஜாவின் வீட்டுக்காரருக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தபோது என்னையும் அழைத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு முட்டியில் ஆபரேஷன் ஆகியிருந்தது. தரையில் உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மண்டபத்தில் நுழைந்ததுமே சரோஜா மணையிலிருந்தே கத்தினாள்:

"டேய், நாற்காலிக்காரர் வந்துட்டாரு! அந்த நாற்காலிங்கள எல்லாம் எடுத்துட்டு அவருக்கு நல்லதா ஒரு ஜமக்காளம் போடுங்க!"

மண்டபமே சிரித்தது. நாலு பேர் ஓடிவந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உன்னால் கீழே உட்கார முடியுமா என்று ஒரு பயல் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.