முதலை மரம் ஏறாது என்று தீர்மானித்த அலுவலகம்

உலகத்தில் அலுவலகங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு முதலையின் நடத்தையையே கூட்டம் போட்டுத் திருத்திய பெருமை எங்கள் ஏரிப் பூங்கா அலுவலகத்துக்கு மட்டுமே உண்டு. அதில் எழுத்தராக இருந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைத் தன்னடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் காவலாளி என் தங்கை வீட்டுக்காரர். ஒன்பது வருடமாகத் 'தற்காலிகம்'. நிரந்தரமாக்கும் கோப்பு அதிகாரியின் மேஜைவரை வந்துவிட்டது, கையெழுத்துதான் பாக்கி. இப்படிப்பட்ட நல்ல நேரத்தில், எங்கே பார்க்கக் கூடாதோ அங்கே ஒரு முதலையைப் பார்த்துத் தொலைத்தார்.

"மச்சான், படகுத்துறை மரத்துல முதலை ஏறி வெயில் காயுது. அதுக்குக் கீழதான் ஜனங்க படகுக்கு நிக்கிறாங்க."

"உனக்கு ஏன் மாப்ள வம்பு? கண்டுக்காம வா."

கேட்கவில்லை. படிவம் எழுதினார். 'முதலை காணப்பட்ட இடம்' என்பதற்கு நீர், தரை என்று இரண்டே கட்டங்கள். மனிதர் பேனாவால் மூன்றாவதாக ஒரு கட்டம் வரைந்து 'மரம்' என்று எழுதிவிட்டார். அரசுப் படிவத்தைச் சிதைத்த குற்றத்துக்காக அதிகாரி அழைத்தார்.

"நீரா, தரையா? ஒண்ணு சொல்லுய்யா."

"மரங்க ஐயா."

"மரம் எதுல முளைச்சிருக்கு?"

"தரையிலங்க."

"அப்ப தரைன்னு போடு."

"தரைன்னு போட்டா வேலி இருக்கேன்னு விட்டுடுவீங்க. அது தலைக்கு மேல இருக்குதுங்க ஐயா."

உடனே அவசரக் கூட்டம். மூன்று மணி நேரம்.

"பல்லியா இருக்கும்" என்றார் பொறியாளர்.

"ஆறடி நீளத்துலயா?" என்றேன்.

"கொஞ்சம் வளர்ந்த பல்லி."

'முதலை மரம் ஏறாது. ஏறியிருப்பின் அது முதலை அன்று' என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பொய்த் தகவல் தந்தவரை வேலையை விட்டு நீக்கும் முன் நேரடி ஆய்வு செய்ய வேண்டும் என்பது விதி. அதிகாரி, நான், மாப்பிள்ளை மூவரும் மரத்தடிக்குப் போனோம்.

"எங்கய்யா உன் முதலை?"

மாப்பிள்ளை விரலை மேலே நீட்டினார். கூட்டம் பிடிக்காத அந்த ஜீவன் பன்னிரண்டு அடி உயரக் கிளையிலிருந்து பிடியை விட்டு, எங்கள் பக்கத்திலேயே தண்ணீரில் விழுந்தது. பிறகு தலையைத் தூக்கி, ஆய்வுக்கு வந்திருப்பது யார் என்று பார்த்தது.

அதிகாரி மாப்பிள்ளையின் தோளில் ஒரு கால், தலையில் ஒரு கால் வைத்து அதே கிளையைப் பிடித்தார். அவர் ஒரு காரியத்தை இத்தனை சீக்கிரம் முடித்து நான் பார்த்ததே இல்லை. நான் டிக்கெட் அறைக்குள் இருந்து பார்த்தேன். மாப்பிள்ளை மட்டும் துடுப்பை எடுத்துத் தண்ணீரைத் தட்டித் தட்டி முதலையை விரட்டினார்.

"போயிடுச்சுங்க ஐயா, மெதுவா இறங்குங்க" என்று மறுபடியும் தோளைக் கொடுத்தார்.

மறுநாள் அதிகாரி அறிக்கை சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். 'ஆய்வு முடிவில் முதலை நீரில் காணப்பட்டது. மரத்தில் என்னைத் தவிர எவரும் இல்லை.' ஒரு சொல்லாவது பொய்யா? அப்பழுக்கற்ற அறிக்கை.

"சாட்சி வேணும். முதலை மரத்துல இருந்ததை நீ பார்த்தியா?" என்றார். தலைமை எழுத்தர் பதவிக்கான பட்டியல் அவர் கையில் இருந்தது.

"பார்க்கலைங்க ஐயா" என்று கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, அன்று மாலைவரை இருந்தது.

மாப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் தலைமை எழுத்தரானேன். புது நாற்காலியில் உட்கார்ந்த அன்று தங்கை வந்தாள். சண்டை போடவில்லை.

"அண்ணே, அந்த முதலை பன்னிரண்டு அடி ஏறிச்சாமே?"

"ஆமாம்மா."

"என் புருஷன் தோளை மிதிச்சா ஏறிச்சு?"

"இல்லை" என்றேன். தலைமை எழுத்தரான பிறகு நான் சொன்ன முதல் உண்மைகள் இந்த இரண்டும்தான்.