தோள் கொடுக்க ஆறு பேர்

நாளைக் காலை ஹான் தெக் ஜுவானின் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். ஹைனான் சீனர்களின் ஈமச்சடங்கு உதவிச் சங்கத்தில் மிச்சம் இருந்ததோ செயலாளர் ஃபூவையும் சேர்த்து ஐந்து பேர். அதிலும் ஒருவர் சக்கர நாற்காலியில். பிள்ளைகளெல்லாம் சிங்கப்பூர், மெல்பர்ன் என்று போய்விட்டார்கள். எழுபதைத் தாண்டிய ஃபூதான் சங்கத்திலேயே இளவட்டம்.

"பேசாம லாரியிலயே குன்று மேல இடுகாடு வரைக்கும் ஏத்திட்டுப் போயிடலாமே?" என்றார் சங்கத்து உறுப்பினர் பூன், இடுப்பைப் பிடித்தபடி.

"வாயக் கழுவு! வெள்ளத்துல எங்கப்பா செத்தப்போ, கழுத்தளவு தண்ணியில தோள் கொடுத்தவருடா ஹான் அண்ணன். அவரு நம்ம தோள்லதான் போகணும்" என்றார் ஃபூ.

ஃபூ எதிர்ச்சாரியில் இருந்த ஹொக்கியன் சீனர்களின் சங்கத்துக்குப் போனார். அங்கே இருந்த கூ, இவரைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நானே உங்களத் தேடி வரணும்னு இருந்தேன் அண்ணே. எங்க தலைவர் போயிட்டாரு. நாளைக்குக் காலையில அடக்கம். தூக்க ரெண்டு பேர் அனுப்புங்களேன்."

இழவு சொன்னவரிடம் இல்லை என்று சொல்ல ஃபூவுக்கு நாக்கு எழவில்லை. ஆள் கேட்கப் போனவர், இரண்டு ஆள் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஹானைத் தூக்க மிஞ்சியது அவரும் பூனும்தான்.

கடைசியில் கோழிச்சோற்றுக் கடை யாப் அக்கா முன்வந்தாள்.

"நானும் என் தங்கச்சிங்க மூணு பேரும் தூக்குறோம். ஆனா எங்களயும் சங்கத்துல சேக்கணும். நாளைக்கு நாங்க போனா நீங்க தூக்கணும்."

ஃபூ தலையாட்டினார். பூன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நம்மளத் தூக்கவே நாதியில்ல. இப்ப இன்னும் நாலு பேரா?"

அன்று மாலை ஒரு பெஞ்சில் அரிசி மூட்டைகளை அடுக்கி ஒத்திகை பார்த்தார்கள். பெஞ்சு முழங்கால் வரை எழும்பியது. அதற்குள் கடைசித் தங்கச்சிக்குத் தும்மல் வந்துவிட்டது. மூட்டை பூனின் பாதத்தில் இறங்கியது.

அன்றிரவு ஃபூ சாப்பிடவில்லை. ஊர் பார்க்க நடுவழியில் அண்ணனைக் கீழே போட்டுவிடுவோமோ என்ற பயம்.

மறுநாள் காலை, ஈப்போ ஆஸ்பத்திரியிலிருந்து மூடிய பெட்டியோடு ஹானின் மகள் சியூ லான் வந்து இறங்கினாள். நொண்டிக்கொண்டே பூனும் வந்து நின்றார். ஆறு பேரும் குனிந்தார்கள். ஃபூ கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, மன்னிச்சுக்க. தூக்குங்க!"

பெட்டி எழுந்தது. தோளில் ஏறியது. குன்றின் மேல் ஒருவர்கூடத் தடுமாறவில்லை. வழியெல்லாம் கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். குழிக்குள் பெட்டியை இறக்கியபோது ஃபூவின் கன்னங்கள் நனைந்திருந்தன.

"பாத்தியாடா பூன்? நம்ம தோள்ல இன்னும் தெம்பு இருக்கு!"

பூன் யாப் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

சியூ லான் அருகில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்: "சித்தப்பா, அப்பா தன் உடம்ப மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துட்டாரு. 'நான் உள்ள படுத்திருந்தா அவனுங்க இடுப்பு ஒடிஞ்சு போயிடும், என் சட்டையையும் செருப்பையும் மட்டும் வச்சு அனுப்பு, தூக்கிட்டோம்னு சந்தோஷப்படட்டும்'னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடினாரு."