கேள்வி கேட்டபோது முடி இருந்தது

பெரியம்மாவின் தோட்டத்து போர்வெல்லில் தண்ணீர் வந்த அன்று குடும்பமே ஆனந்தக் கண்ணீர் விட்டது. துக்கத்தில் அழுத ஒரே ஜென்மம் நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அப்போது நான் மைசூரில் இதழியல் படித்துக்கொண்டிருந்தேன். (அப்பாவுக்கு ரயில்வே வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம்.) கடைசி செமஸ்டரில் ஆளுக்கொரு குறும்படம் எடுக்க வேண்டும். என் கதை இதுதான்: ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் ஒருவன் ஒருத்தியிடம், "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறாயா?" என்று கேட்கிறான். அவள் ஆற்றைப் பார்க்கிறாள். பிறகு தலையாட்டுகிறாள். அவன் முகம் மலர்கிறது. முற்றும். (வாழ்க்கையும் அவ்வளவுதான் என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.)

கதாநாயகி என் வகுப்புத் தோழி பல்லவி. கதாநாயகன் ஹனூரிலிருந்த பெரியம்மா மகன் குமரேசன் அண்ணன். அவனுக்கு நடிப்பு சுத்தமாக வராது. ஆனால் நெற்றியில் சுருள் சுருளாக வந்து விழும் அப்படியொரு முடி. அந்த முடியைத்தான் நான் ஒப்பந்தம் செய்தேன், அண்ணன் கூடவே வந்தான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் படித்துறையில் இறங்கினேன். ஆற்றை எடுத்தேன். ஆற்றில் விழுந்த வெயிலை எடுத்தேன். பரிசலை எடுத்தேன். ஒரு காக்கையைப் பதினேழு முறை எடுத்தேன். மனிதர்கள் பக்கம் நான் திரும்பியபோது மணி பதினொன்று. அண்ணன் கேள்வி கேட்பதை மட்டும் எடுத்து முடித்ததும் கேமரா பேட்டரி உயிரை விட்டது.

"மீதியை அடுத்த ஞாயிறு எடுத்துக்கலாம்" என்றேன் கம்பீரமாக.

புதன்கிழமை பெரியம்மா போன் செய்தார்.

"தண்ணி வந்துருச்சு அம்மிணி! நாலு இஞ்சு தண்ணி! பீச்சி அடிக்குது!"

அதற்கு முன் போட்ட இரண்டு போரிலும் புழுதிதான் வந்தது. பெரியப்பா தென்னைகளை வெட்டிவிடலாமா என்ற யோசனைக்கே வந்திருந்தார். அதெல்லாம் எனக்குத் தெரியும். நானும் சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், அடுத்த வாக்கியம் வரும்வரை.

"மாதேஸ்வரன் கண்ணைத் தொறந்துட்டான். நாளைக்கே மலைக்குப் போயி உங்கண்ணனுக்கு மொட்டை அடிச்சுட்டு வந்தர்றோம். வேண்டியிருந்தனல்ல!"

அவசரமாகக் குறுக்கிட்டேன். "பெரியம்மா, மொட்டையை அடுத்த வாரம் போட்டுக்கக் கூடாதா?"

பெரியம்மா குரலை உயர்த்தினார்.

"அதுவரைக்கும் தண்ணியை உள்ளே போயி இருக்கச் சொல்லட்டுமா?"

போனை வைத்துவிட்டு அழுதேன். (காவிரி வறண்டதுபோல் அழுதேன் என்று அம்மா இன்றும் சொல்கிறார்.)

இரண்டாவது ஞாயிறு அண்ணன் பஸ்ஸிலிருந்து இறங்கினான். தலை முழுக்கச் சந்தனம். வெயிலில் கலசம்போல் ஜொலித்தான். "ஏனே இது!" (என்னடி இது!) என்று பல்லவி கன்னடத்தில் அலறினாள். தொப்பி வாங்கிப் போட்டோம், அது நழுவி அவன் மூக்கில் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை படத்தை ஒப்படைத்தாக வேண்டும். முகத்தை மட்டும் நெருக்கத்தில் எடுத்தால் தெரியாது என்று முடிவு செய்தேன். நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத முகத்தை எங்கே வெட்டுவது?

அது ஊரெல்லாம் அஸ்தி கரைக்க வரும் படித்துறை. ஒரு புரோகிதர் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல வந்து தோளில் கை வைத்துக் கன்னடத்தில் கேட்டார்: "அப்பாவா, அம்மாவா?"

"போர்வெல்லுங்க" என்றான் அண்ணன் பணிவாக.

புரோகிதர் பதறிவிட்டார். "ஐயோ, போர்வெல்லில் விழுந்தா போனார்?"

அவருக்கு விளக்கிச் சொல்லி அனுப்பவே அரை மணி நேரம் ஆனது.

கல்லூரி அரங்கில் படம் திரையிடப்பட்ட நாளில், மகன் நடித்த படமாயிற்றே என்று பெரியம்மா பட்டுப்புடவையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் சுருள்முடி அண்ணன் கேள்வி கேட்டான். பல்லவி ஆற்றைப் பார்த்தாள். தலையாட்டினாள். அடுத்த காட்சியில், மகிழ்ச்சியில் மலர்ந்த ஒரு சந்தன மொட்டை.

அரங்கம் சிரிப்பில் வெடித்தது. "பதில் சொல்றதுக்குள்ள அப்பாவே போயிட்டாரு போல!" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்.

விளக்கு எரிந்ததும் பேராசிரியர் என்னை எழுப்பினார். "இது தெரிந்தே செய்ததா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஆமாம் சார். காத்திருப்பின் வலிக்கு அது ஒரு குறியீடு" என்றேன்.

பேராசிரியர் யோசனையோடு தாடையைத் தடவினார். கிட்டத்தட்டத் தப்பித்துவிட்டேன். அப்போது பெரியம்மா எழுந்து நின்றார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று நல்ல கன்னடத்தில் ஆரம்பித்தார். வறண்ட இரண்டு போர், தென்னை, வேண்டுதல், மலை, நாலு இஞ்சு தண்ணீர், கடைசியாக நான் மொட்டைக்கு ஒரு வாரத் தவணை கேட்டது வரை ஒன்றையும் விடவில்லை. அன்றைக்கு அரங்கில் அதிகக் கைதட்டல் வாங்கியது அந்த போர்வெல்தான். எனக்குப் பாஸ் மார்க் போட்டார்கள், காக்கை நன்றாக வந்திருந்ததாம்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் எதற்குப் பதில் சொல்லத் தாமதித்தாலும் அந்த மொட்டைக் கதை வந்துவிடும். சில வருடங்கள் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று உள்ளே போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி பெரியம்மா குரல் கொடுத்தார்:

"மாப்பிள்ளைக்கு முடி இருக்கறப்பவே சொல்லீரு அம்மிணி!"

கதவிடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளையின் கை தானாக அவர் தலைக்குப் போனது. பாவமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.