ஈசிஜி நானா வாசித்த ஆண் நெஞ்சு

கற்பிட்டிக் கரையில் காற்றைவிட அமைதியற்ற பொருள் ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு கால்களும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தன. ஊர் அதனை ஈசிஜி நானா, அதாவது ஈசிஜி அண்ணன், என்று அழைத்தது. பெற்றோர் இட்ட பெயர் ஒன்றும் இருந்திருக்க வேண்டும். அப்பெயரைச் சொல்லி விசாரித்து வந்த தபாற்காரரை, ஓட்டத்தின் நடுவே, "அப்புடி ஒராள் இங்க இல்ல" என்று நானாவே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

போர் முடிந்து பாதைகள் திறந்த காலம் அது. கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. அவற்றில் வேலை தேடியும் வெளிநாடு செல்ல நாடியும் இளைஞரும் யுவதியரும் உடற்பரிசோதனைக்குத் திரண்டனர். கடைத்தெருவிலிருந்த சிறிய மெடிக்கல் சென்டரில் அவர்களுடைய இதயத் துடிப்பை இயந்திரத்தால் தாளில் பதிவதே நானாவின் தொழில். உடப்பில் பிறந்து கற்பிட்டியில் தமிழ் கற்பிக்க வந்த நான், அந்த மெடிக்கல் சென்டரின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். காலைதோறும் என்னைத் துயிலெழுப்பியது அவருடைய குரல்தான்.

"அசையாதீங்க! கதைக்காதீங்க! வாங்கு ஆடுது, பாருங்க!"

பரிசோதனைக்குப் படுக்கும் அந்த மரவாங்கை ஆட்டிக்கொண்டிருந்தவர் அவரேதான்.

பெண்களுக்கு ஒரு திரை இருந்தது. திரைக்கு அப்பால் நானாவின் மனைவி பரீதா அவர்களுடைய மார்பில் கம்பிகளைப் பொருத்துவார். கம்பிகள் திரையின் அடியால் ஊர்ந்து இப்பால் வந்து, நானாவின் இயந்திரத்தில் சேரும். இவ்வாறு அவர் அத்தனை பெண்களின் இதயங்களையும் அறிந்தார்; ஒருத்தியின் முகத்தையும் அறியார். முகம் காணாத அந்த வாசிப்பிலிருந்துதான் அவருடைய மாபெரும் கொள்கை பிறந்தது.

"மாஸ்டர், ஆம்புளட நெஞ்சு லொறி. பெரிசு. ஒரு தரத்துல கன பாரம் ஏத்தும், அதால மெதுவாப் போகும். பொம்புளட நெஞ்சு திரீவீல். சின்னது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தும், அதால பல தரம் ஓடணும். பேர மடிச்சிட்டுத் தாள மட்டும் தாங்க. ஆம்புளயா பொம்புளயா எண்டு நான் செல்றன்."

பாடசாலைக்கு உடற்தகுதிச் சான்று வேண்டி நானும் ஒருநாள் அவ்வாங்கில் கிடந்தேன். அவர் என் தாளை நெடுநேரம் நோக்கினார்.

"குறை நெனக்க வேணாம் மாஸ்டர். ஒங்களுக்கு ஈக்கிறது பொம்புள நெஞ்சு."

"நானா, எனக்கு மீசை இருக்கு."

"மீச என்னா, நெஞ்சுலயா ஈக்கி?"

பின்னர், இலக்கணம் படித்தோருக்கு நெஞ்சு சுருங்கிவிடும் என்று ஒரு விதிவிலக்கை இயற்றி, என்னைக் கணக்கில் சேர்க்காமல் விட்டார். அவருடைய கொள்கை இவ்வாறுதான் தோல்வியறியாமல் வளர்ந்தது. பொருந்தாத நெஞ்சுகள் யாவும் விதிவிலக்குகளாயின.

அக்கொள்கையின் அரங்கம் எதிரிலிருந்த தேத்தண்ணிக் கடை. மாலைகளில் பெயர் மடிக்கப்பட்ட தாள்களோடு நானா அங்கே நுழைவார், அமரமாட்டார். நின்றபடியே ஒவ்வொன்றாய் வாசிப்பார். "பொம்புள! ஆம்புள! இதுவும் ஆம்புள, ஆனா பயந்த ஆம்புள!" பெரும்பாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. அதுதான் ஆபத்தாக முடிந்தது.

"இந்தப் பெருமைய ஒரு நாளைக்காவது மடக்காட்டி, என்னத்துக்கு நான் பொண்டாட்டி?" என்று படிக்கட்டில் ஒருநாள் பரீதா என்னிடம் முறையிட்டார்.

அதற்கான வாய்ப்பு விரைவிலேயே வந்தது. மாம்புரியில் வெங்காயத் தோட்டத்தில் வாழ்ந்த நானாவின் தங்கை ருஸ்னா, அண்ணன் வீட்டில் தங்க வந்திருந்தாள். கற்பிட்டியில் ஹோட்டலொன்றில் பணிபுரிந்த நவ்சாத் என்னும் இளைஞனுக்கு அவளை நிச்சயித்திருந்தார்கள். நானா வெளியே சென்றிருந்த வேளையில் பரீதா தன் நாத்தனாரைத் திரைக்கு அப்பால் படுக்கவைத்து, துடிப்பைப் பதிந்து, பெயரை மடித்து, அன்றைய தாள்களின் மேலே வைத்துவிட்டார். கூட்டத்தில் ஒரு தாளாவது கணவரைத் தடுக்கி விழுத்தட்டும் என்பதற்கு மேல் அவருக்கு வேறு எண்ணமில்லை. மாப்பிள்ளையின் சாச்சாவான, அதாவது சிற்றப்பாவான, கருவாட்டு வியாபாரி ஹாஜியார், அன்று அதே கடையில் பிளேன்டீ அருந்திக்கொண்டிருப்பார் என்பதை அவர் எப்படி அறிவார்?

நானா முதல் தாளை விரித்தார், விழிகள் விரிந்தன.

"ஆம்புள! சும்மா ஆம்புள இல்ல, தோணி தள்ளுற ஆம்புள! கோடு எழும்புறதப் பாருங்க. வார வேகத்தப் பாருங்க. யானை நடக்கிற மாதிரி ஈக்கி!"

அருகிலிருந்த ஹாஜியார் மடிப்பை விரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, உரக்கப் படித்தார்.

"பாத்திமா ருஸ்னா. மாம்புரி."

 ஹாஜியார் கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்க எங்கட ஊட்டுக்குக் கேட்டது மருமகள" என்று கூறி எழுந்து போனார்.

அந்திநேர மஃரிப் தொழுகைக்குள் செய்தி ஊரெங்கும் பரவிற்று. இரவு இஷாத் தொழுகைக்குள் அது மாம்புரியை எட்டியபோது, அந்தப் பெண்ணுக்கு மீசையும் முளைத்திருந்தது.

நானாவை இப்போது இரண்டு அச்சங்கள் துரத்தின. தங்கையின் திருமணம் நின்றுவிடுமோ என்பது ஒன்று. பெண்ணின் நெஞ்சு அவ்வளவு மெதுவாய் அடிப்பது நோயாக இருக்குமோ என்பது அதனினும் பெரிது. மறுநாள் விடியலிலேயே தங்கையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு புத்தளத்திலிருந்த இதய மருத்துவரிடம் பறந்தார். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து, என் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடியே சொன்னார். மருத்துவர் ஓர் இளம்பெண்ணாம். உள்ளே நுழைந்த இருவரையும் பார்த்துவிட்டு, நடுங்கிக்கொண்டிருந்த நானாவைத்தான் வாங்கில் படுக்கச் சொன்னாராம்.

பின்னர் ருஸ்னாவைப் பரிசோதித்துவிட்டு, "தங்கச்சி, என்ன வேலை செய்யிறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"வெங்காயத்துக்குத் தண்ணி ஊத்துற, டொக்டர். ரெண்டு கையிலயும் வாளி தூக்கி."

"எப்ப தொட்டு?"

"வாளி தூக்க ஏலுமான நாள் தொட்டு."

மருத்துவர் சிரித்தாராம். உழைத்துப் பழகிய நெஞ்சு பெரிதாகி உறுதிப்படும். ஒரே துடிப்பில் நிறையக் குருதியை அனுப்புவதால் மெதுவாய் அடிக்கும். இதில் நோய் ஒன்றுமில்லை என்றாராம். நானாவின் கொள்கையையும் கேட்டுவிட்டு, "கனபேரை ஒண்டாச் சேர்த்துப் பார்த்தா நீங்க சொல்றது சரிதான். ஆனா ஒராளைத் தனியப் பிடிச்சு அந்தக் கோலால அளக்க ஏலாது" என்றாராம்.

"அப்ப நோய்ப் பயம் போயிட்டுது தானே நானா?" என்றேன்.

"கலியாணம் ஈக்கே மாஸ்டர்! இப்பவே கடைக்கிப் போறன். என்ட கண்ணு பிழச்சிப் போச்சி, தாள நான் பிழயா வாசிச்சிட்டன் எண்டு எல்லார்ட முன்னுக்கும் செல்லப் போறன்."

 பொருந்தாத நெஞ்சுக்கெல்லாம் விதிவிலக்கு வகுத்தவர், தம் கண்ணைத் தாமே குருடென்று அறிவிக்கத் துணிந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து ருஸ்னாவின் குரல் வந்தது.

"செல்ல வேணாம் நானா. நீங்க பிழயா வாசிக்கல்ல. என்ட நெஞ்சு அப்புடித்தான். இத மறச்சிக் கட்டிக் குடுத்தா, நாளக்கி வாளியையும் மறைக்கணும்."

நானா நடப்பதை நிறுத்தினார். நான் அறிந்தவரையில் அது முதல் தடவை. மறுகணமே கீழே ஓடி, இயந்திரத்தைத் தூக்கி மோட்டார் சைக்கிளில் கட்டினார். "ஏறுங்க மாஸ்டர், சாட்சிக்கு ஒராள் வேணும்" என்றார். ஏறினேன். குறுகிய ஒழுங்கைகளில் ஆடுகள் சிதறின.

ஹாஜியாரின் வீட்டு முன்னறையில் நானா இயந்திரத்தை இறக்கினார். "என்ட தங்கச்சிட நெஞ்ச ஊரே பாத்திட்டுது ஹாஜியார். ஒங்கட ஊட்டு ஆம்புளைகள்ட நெஞ்சயும் ஒருக்காப் பாப்பம்."

மறுப்பது கோழைத்தனமாகிவிடும் என்று எண்ணிய ஹாஜியார், சட்டையைக் கழற்றிச் சோபாவில் கம்பீரமாகச் சாய்ந்தார். தாள் வெளிவந்தது. சின்னஞ்சிறு கோடுகள், ஒன்றன் குதிகாலை மற்றொன்று மிதித்தபடி, விரைந்து வந்தன. நானா பார்த்தார், தொண்டையைக் கனைத்தார்.

"என்னா? செல்லுங்க!"

"லொறி இல்ல, ஹாஜியார்."

அடுத்துக் கிடந்தவன் நவ்சாத். அவனுடைய தாள் சாச்சாவின் தாளைக் காட்டிலும் அவசரப்பட்டது.  தாளை எட்டிப் பார்த்த நவ்சாத்தான் முதலில் சிரித்தான்.

"சாச்சா, எங்கட ஊட்டுல ஈக்கிறதெல்லாம் திரீவீல். ஒரு லொறியாவது வரட்டுமே!"

ஹாஜியார் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டினார். கடைசிப் பொத்தானைப் பூட்டி முடித்ததும், "தேத்தண்ணி ஊத்தச் செல்லுங்க" என்று உள்ளே நோக்கிக் குரல் கொடுத்தார்.

நிக்காஹ் இனிதே நடந்தது. மாம்புரியிலிருந்து கற்பிட்டிக்கு வாழ வந்ததால், தங்கை உண்மையில் நானாவுக்கு முன்னைவிட அருகில்தான் வந்திருந்தாள். அதை யார் அவருக்கு எடுத்துரைப்பது? மறுநாள் காலையில் கீழே ஓசையே இல்லாதது கண்டு அஞ்சி இறங்கிச் சென்றேன். நானா வாங்கில் மல்லாந்து கிடந்தார்; பரீதா அவருடைய மார்பில் கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். "நெஞ்சு ஒரு மாதிரி ஈக்கி எண்டு செல்றார், மாஸ்டர்" என்றார் மெதுவாக. எத்தனையோ முறை முயன்றும், ஆடிக்கொண்டே இருப்பதால் கிறுக்கலாய் மட்டுமே பதிவான அந்த மனிதர், அன்று அசையாமல் கிடந்தார். தாள் முழுவதும் தெளிந்த கோடுகள் வந்தன.

அதை அவர் வாசிக்கவில்லை. பெயரை மடித்து என்னிடம் நீட்டினார்.

"நீங்க செல்லுங்க மாஸ்டர். ஆம்புளயா, பொம்புளயா?"

கோடுகளைப் பற்றி அன்றும் இன்றும் எனக்கு ஒன்றும் தெரியாது. தாளைச் சற்றே வெளிச்சத்தில் பிடித்தேன்.

"தங்கச்சியக் கட்டிக் குடுத்த நானா" என்றேன்.

அவர் முகத்தைச் சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டார். வாழ்நாளில் நான் ஒரு நெஞ்சைச் சரியாக வாசித்தது அந்த ஒரு முறைதான்.