ஷெட்டைக் காப்பாற்ற வந்த தக்காளி

என் ஷெட்டை எந்தச் சக்தியாலும் அசைக்க முடியாது என்று நான் சபதம் எடுத்தபோது மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரமாகப் பார்த்துத்தான் எடுத்தேன்.

நான் பைக் மெக்கானிக். ஷெட் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. இருபது வருடமாக ஆக்ஸிலேட்டரை முறுக்கி முறுக்கி இன்ஜின் சத்தம் கேட்டதில் என் காது பாதி போய்விட்டது. பக்கத்து வீட்டம்மாவுக்கு ஓயாத தலைவலி, எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பகலில் தூக்கமே கிடையாது. இதையெல்லாம் மனைவி பொறுத்துக்கொண்டாள். கழிவு ஆயிலைத்தான் பொறுக்கவில்லை. டப்பாவில் பிடித்து, வாங்குகிற ஆளிடம் கொடுக்கச் சோம்பல்பட்டு, நான் அதைத் தோட்டச் சுவரோரம் ஊற்றிவந்தேன். அவள் செடி நட்டதும் அங்கேதான். எல்லாம் கருகி, ஒன்றிரண்டு இலைகளோடு குச்சியாக நின்றன.

"மண்ணையே கொன்னுட்டீங்க," என்றாள்.

"மண்ணுக்கு ஒண்ணும் ஆகல. உனக்குத் தண்ணி ஊத்தத் தெரியல."

"சரி. மாசக் கடைசிக்குள்ள அந்தச் செடியில காய் காய்ச்சா ஷெட் இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா ஊருக்கு வெளிய இடம் பாத்துக்கணும்."

ஊருக்கு வெளியே போனால் சுடச்சுட மதியச் சாப்பாடு கிடையாது. அதைவிட முக்கியம், சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் கட்டில் கிடையாது. ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, டயர் கடை நண்பனுக்குப் போன் போட்டு, ரகசியக் குரலில் யோசனை கேட்டேன்.

மாதக் கடைசியில் அவள் வெளியே போன நேரம் பார்த்து ஒரு கிலோ தக்காளி வாங்கி வந்தேன். கிளட்ச் கேபிளிலிருந்து மெல்லிய கம்பிகளைப் பிரித்து, குச்சிக்கு இரண்டாகக் கட்டினேன். சுத்தமான வேலை. பைக்கில் கட்டிப் பள்ளத்தில் இறக்கியிருந்தாலும் ஒரு காய் விழுந்திருக்காது.

திரும்பி வந்தவள் வெகுநேரம் பார்த்தாள். பக்கத்து வீட்டம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"நான்தாங்க தப்பா சொல்லிட்டேன். பொன்னு விளையற மண்ணுங்க இது. சுவரோரமே இப்படிக் காய்ச்சா, வருஷக்கணக்கா ஆயில் ஊறின ஷெட்டுல எப்படிக் காய்க்கும்? நாளைக்கே ஷெட்டைப் பிரிச்சுட்டு அங்கயும் செடி வெச்சிடலாம்," என்றாள் மனைவி.

ஆடிப்போய்விட்டேன். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஆயில் ஊற்றியதில் மண் செத்தே போய்விட்டது, அதில் புல்கூட முளைக்காது, காய்கள் கடையில் வாங்கிக் கட்டியவை என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"அப்ப பேசினபடி ஷெட்டை எடுத்துடுங்க," என்றாள்.

எந்தப் பக்கம் போனாலும் ஷெட் போகிறது. உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன்.

"காது போன மனுஷன் ரகசியம் பேசினா தெருவுக்கே கேக்கும். கம்பி மெலிசா இருக்கணுமேன்னு பக்கத்து வீட்டம்மாதான் கவலைப்பட்டாங்க. அன்னிக்கு எடுத்த சபதம்கூட பாத்ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

தக்காளிகளை நிதானமாக அவிழ்த்து முந்தானையில் போட்டுக்கொண்டு உள்ளே போனவள், வாசற்படியில் திரும்பினாள்.

"அப்புறம், நான் வெச்சது கத்தரிச் செடிங்க."