குடை வண்டியை விட்டு நகராதீங்க

குடை வண்டி நகர்ந்தது. கணவர் பதறிப்போனார்.

"ஏம்ப்பா, எங்க கிளம்பிட்டே?"

"வியாபாரத்துக்குத்தான் சார்."

காலையிலிருந்து இந்த ஊர்க் கடைத்தெருவில் மனைவி எதைக் கையில் எடுத்தாலும், "இது நம்ம ஊர்லயே கிடைக்குமே" என்று அவர் உதவிக்கொண்டிருந்தார். கடைசியில் அவள், "இந்தக் குடை வண்டியை விட்டு நகராதீங்க" என்று சொல்லிவிட்டுத் துணிச் சந்துக்குள் போனாள். இருவர் செல்போனும் அவள் கைப்பையில்.

போன பயணத்தில் இப்படித்தான், நிற்கச் சொன்ன இடத்தில் அவர் நிற்கவில்லை. தேடித் தேடி அவள் அழுதுவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் ரயில் ஜன்னலோடுதான் அவருக்குப் பேச்சு. இன்னொரு முறை தாங்காது.

இடத்தையா சொன்னாள், வண்டியையா? வண்டியைத்தான். கூடவே நடந்தார்.

பாத்திரக் கடைகள் போயின. பறவைக் கூண்டுகள் வந்தன. சாயப்பொடிக் குவியல்களைத் தாண்டியபோது வெள்ளைச் சட்டை மஞ்சளாகியிருந்தது.

"துணிச் சந்துப் பக்கம் திருப்பேன்பா."

"லாரி நிக்குது சார். நுழைய முடியாது."

மனைவி கண்ணில் படட்டும் என்று வண்டியிலிருந்த ஒரு பெரிய சிவப்புக் குடையை விரித்து உயரப் பிடித்தார். கூட்டம் கூடியது.

"என்ன விலைங்க?"

"நான் விக்கிறவன் இல்லம்மா."

"பின்ன எதுக்கு ஆட்டுறீங்க?"

சரக்குத் தீர்ந்தால் வண்டி திரும்பும் என்று தோன்றியது. "வாங்க, வாங்க! மழைக்கும் ஆகும், வெயிலுக்கும் ஆகும்!" என்று கூவினார்.

"நல்லா வருது சார் உங்களுக்கு. பாத்துக்குங்க, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்."

குடைக்காரன் போனதும் போலீஸ்காரர் வந்தார்.

"யோவ், வண்டியை எடு!"

எடுத்தார். துணிச் சந்தைப் பார்த்துத் தள்ளினார். குடைக்காரன் டீ கிளாஸோடு ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"அங்க ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கான் சார்!"

"லாரி நிக்குதுன்னியே?"

"அந்தப் பள்ளத்துலதான் சார் நிக்குது."

வெயில் இறங்கும்போது மனைவி வந்தாள். இரண்டு கையிலும் பைகள். முகம் தெளிவாக இருந்தது.

"வண்டியை விட்டு ஒரு அடி நகரலை" என்றார் அவர். தொண்டை கட்டியிருந்தது.

அவள் மஞ்சள் சட்டையைப் பார்த்தாள். சிரித்தாள். அவருக்குப் போன உயிர் வந்தது.

குடைக்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொன்ன மாதிரியே, சாரை அந்தச் சந்துப் பக்கம் விடவே இல்லக்கா."